பக்கத்துக் கட்டத்தில் கால் வைத்த கையெழுத்து

என் மனைவி போட்ட ஒரு கையெழுத்தை அளந்து பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் பல் டாக்டர். இன்னொருவர் அவர் சொல்வதையெல்லாம் போட்டோ எடுக்க வந்தவர். மூன்றாவது ஆள் என் மனைவியின் கூடப்பிறந்த தம்பி.

மற்ற நாட்களில் தம்பி வந்தால் செருப்பைக் கழற்றிய கையோடு நேராகப் போய் ஃப்ரிட்ஜைத் திறப்பான். அன்றைக்கு வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"உள்ள வாடா. என்ன அங்கேயே நிக்கிற?" என்றாள் என் மனைவி.

"இல்லக்கா. இன்னைக்கு நான் துணைச் செயலாளரா வந்திருக்கேன்."

"துணைச் செயலாளர் டீ குடிப்பாரா?"

அவன் பல் டாக்டரைப் பார்த்தான். பல் டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, விசாரணை முடிகிற வரைக்கும் வேண்டாம் என்றார்.

என்ன விசாரணை என்று சொல்வதற்கு முன்னால் இந்த விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜியோகேச்சிங் என்று பெயர். யாரோ ஒருவர் ஊருக்குள் எங்காவது ஒரு சின்ன டப்பாவை ஒளித்துவைத்து, இடத்தை மட்டும் வரைபடத்தில் போட்டுவிடுவார். நாம் செல்போனைப் பார்த்துக்கொண்டே போய்த் தேட வேண்டும். பூங்கா பெஞ்சுக்கு அடியிலோ, கைப்பிடிக் கம்பிக்குப் பின்னாலோ, சுண்டுவிரல் பருமனில் ஒரு டப்பா காந்தத்தால் ஒட்டிக்கொண்டு இருக்கும். உள்ளே ஒரு காகிதச் சுருள். அதைப் பிரித்துக் கையெழுத்துப் போட்டு, பழையபடி சுருட்டி உள்ளே வைத்துவிட்டு வர வேண்டும். பரிசு கிடையாது. அவ்வளவுதான் விளையாட்டு. அவ்வளவுதான் என்பதைத் தாங்கிக்கொள்ள முடியாதவர்கள் கூடி ஆரம்பித்ததுதான் சங்கம்.

என் மனைவி மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஜன்னலோர நாற்காலியே கதி என்று உட்கார்ந்துவிட்டாள். பிசியோதெரபி பார்க்கிற பெண் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னாள்: "தினமும் நடக்கணும். தினமும் ஏதாவது எழுதணும். விட்டுட்டீங்கன்னா விரல் மடங்கிடும். அப்புறம் நான் வந்தும் ஒண்ணும் பண்ண முடியாது."

நடக்கச் சொன்னால் "எங்க போறதுக்கு?" என்று கேட்பாள். நான் லிஃப்ட் மெக்கானிக். மாடி ஏறத் தேவையில்லை என்று ஜனங்களுக்கு வசதி செய்துகொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன். அவளை எப்படி நடக்கவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வழி காட்டியது தம்பிதான், அதை நான் மறைக்க மாட்டேன். "வாக்கா, ஒரு டப்பா தேடிட்டு வரலாம்" என்று கூட்டிப்போனான். தபால் ஆபீஸ் வாசலில் சைக்கிள் நிறுத்துகிற கம்பியில் இருந்தது அந்த முதல் டப்பா. அவனுக்கு முன்னால் இவள் கண்டுபிடித்தாள்.

என் டிபன் பாக்ஸ் மூடியின் மேல் சுருளை விரித்து இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டேன். அவள் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து, தன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் போட்டாள். அது எழுத்தென்று ஆவதற்குள் எனக்கே வேர்த்துவிட்டது. போட்டு முடித்துவிட்டு, "கோழி கிளறின மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்கவில்லை. மறுநாள் காலையில் அவளே கேட்டாள்: "ஏங்க, இன்னைக்கு எங்க?"

இப்படித்தான் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு மழைக்காலத்தில் ஏதோ ஒரு டப்பாவுக்குள் தண்ணீர் போய்ச் சுருள் கூழாகிவிட்டது. அதற்காகச் சங்கத்தில் இரங்கல் கூட்டம் போட்டு, சுருள் பராமரிப்புத் துணைக்குழு என்று ஒன்றை அமைத்தார்கள். அதன் தலைமை பல் டாக்டருக்கு. உறுப்பினர்கள் எல்லாரும் பயிற்சி வகுப்புக்கு வர வேண்டும் என்றார்கள். நாங்களும் போனோம்.

வகுப்பில் முதலில் சொன்னதெல்லாம் நியாயம்தான். மை கலைந்துவிடும், பென்சிலால் எழுதுங்கள். எழுத்து உள்பக்கம் இருக்கிறமாதிரி இறுக்கமாகச் சுருட்டுங்கள். மூடியை முழுசாகத் திருகுங்கள். அடுத்தவனுக்கு இடம் விடுங்கள். நான் தலையாட்டினேன். அதோடு மைக்கை அணைத்திருந்தால் இதை நான் எழுத வேண்டியே வந்திருக்காது.

பல் டாக்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு இடுக்கியை எடுத்தார். வாயில் பயன்படுத்துகிறதா, காகிதத்துக்கென்று தனியாக வாங்கியதா என்று யாரும் கேட்கவில்லை.

"காகிதத்துக்கு முதல் எதிரி யாரு?" என்றார். "மழைன்னு சொல்வீங்க. இல்ல. கண்டுபிடிக்கிறவன். யாரும் கண்டுபிடிக்காத டப்பாவுல சுருள் இன்னைக்கும் புதுசு மாதிரி இருக்கு. இதுலேருந்து என்ன தெரியுது?"

பின்வரிசையில் யாரோ "தேடக் கூடாதுன்னு தெரியுது" என்றார்கள். அவர் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொள்ளவில்லை. "அந்தத் திசையிலதான் சங்கம் போயிட்டிருக்கு" என்றார்.

பிறகு இடுக்கியால் சுருளைப் பிரித்துக் காட்டினார். கை படக் கூடாது, வேர்வை. நிழல் விழக் கூடாது, ஏன் என்று சொல்லவில்லை. சுருளைப் பிரித்ததிலிருந்து மூடுகிற வரைக்கும் அதன் மேல் மூச்சு விடக் கூடாது, மூச்சில் ஈரம் இருக்கிறது.

என் மனைவி இடது கையைத் தூக்கினாள். "டாக்டர், நான் ஒரு எழுத்துப் போடவே ரொம்ப நேரம் ஆகும். அதுவரைக்கும் மூச்சு?"

"பழகிடும்மா. என் பேஷன்ட்டெல்லாம் வாயத் திறந்து வெச்சுக்கிட்டே எவ்வளவு நேரம் சமாளிக்கிறாங்க."

அன்றைக்கே கட்டமும் வந்தது. இனிமேல் எல்லாச் சுருளிலும் கட்டம் போட்டிருக்கும், ஒருவருக்கு ஒரு கட்டம், கட்டம் ஓர் அரிசி அளவு. அதற்குள் கையெழுத்தும் தேதியும் அடங்க வேண்டும்.

அடுத்து ஆய்வாளர்கள் வந்தார்கள். டப்பா டப்பாவாகப் போய்ச் சுருள் ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது அவர்கள் வேலை. பார்த்ததற்கு அத்தாட்சியாக அதே சுருளில் கையெழுத்துப் போட வேண்டும். இவர்கள் ஒழுங்காகப் போகிறார்களா என்று பார்க்க மேலாய்வாளர்கள். அவர்களும் அதே சுருளில்தான்.

இதன் பலனை நாங்கள் ஆற்றுப்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பஸ் நிழற்குடையில் பார்த்தோம். அந்தப் பாலத்தின் படிக்கட்டு அவளுக்கு மலை மாதிரி. ஒரு படி, ஒரு நிறுத்தம் என்று ஏறி, இறங்கி, நிழற்குடையின் இரும்புத் தூணுக்குப் பின்னால் கைவிட்டுத் தடவி டப்பாவை எடுத்துவிட்டாள். முகமெல்லாம் பூரிப்பு. சுருளைப் பிரித்தேன். முதல் கட்டத்தில் பொடி எழுத்தில் 'ஈரம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்து. இரண்டாவதில் 'ஈரம் இல்லை என்பது சரிபார்க்கப்பட்டது'. மூன்றாவதில் 'சரிபார்த்தது சரி'. இப்படியே கடைசி வரைக்கும். தேடி வந்தவன் கையெழுத்து ஒன்றுகூட இல்லை. தேடி வருகிறவனுக்காக விட்டிருந்தது ஓரத்தில் ஒரு பாதிக் கட்டம்.

"விட்டுடலாமா?" என்றேன்.

"இவ்வளவு படி ஏறிட்டு வந்துட்டா?" என்றாள்.

போட்டாள். எழுத்தின் வால் பாதிக் கட்டத்தில் நிற்காமல் பக்கத்துக் கட்டத்துக்குள் கொஞ்சம் போய்விட்டது. அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமை விசாரணை.

பல் டாக்டர் எங்கள் சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, அந்தச் சுருளை இடுக்கியால் வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்தார். "வால் எல்லை தாண்டியிருக்கு. இன்னொரு உறுப்பினரோட கட்டத்துல நுழைஞ்சிருக்கு."

"எந்த உறுப்பினர்?" என்றேன்.

"அது விசாரணைக்குச் சம்பந்தமில்ல."

"டாக்டரோட கட்டம்தான் மாமா" என்றான் வாசலிலிருந்து தம்பி.

"துணைச் செயலாளர் சாட்சி சொல்ல வரல" என்றார் பல் டாக்டர். பிறகு என் மனைவியிடம், "ஒரு வெள்ளைத் தாள்ல திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுங்கம்மா" என்றார்.

அவளும் மரியாதைக்காகப் போட்டாள். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக. அவர் எல்லாவற்றையும் அளந்தார்.

"பாருங்க, எல்லாமே ஒரே அளவுல வருது. அப்ப அன்னைக்கு நடந்தது கை தவறினது இல்ல. பழக்கம்."

"டாக்டர், அவளுக்குப் பக்கவாதம்" என்றேன்.

"அது உங்க குடும்ப விஷயம். அதுக்குள்ள நாங்க வர மாட்டோம்."

சங்கத்தின் பொதுக்குழுவில் விஷயம் வைக்கப்பட்டது. தலைவர் வரித்துறையில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மேடையில் அவர் நாற்காலிக்கு மட்டும் துண்டு போட்டிருந்தார்கள். எழுந்து நின்று எங்களைப் பார்த்து நிஜமாகவே கனிவாகச் சிரித்தார்.

"நான் பதவியில இருந்தப்ப என் மேஜைக்கு வந்த எந்தத் தாள்லயும் ஒரு கறை இருக்காது, ஒரு மடிப்பு இருக்காது. வந்த மாதிரியே இருக்கும். எப்படி சார்னு கேப்பாங்க. நான் ஒண்ணையும் தொட்டதே இல்ல. அந்த நேர்மையோடதான் இந்தச் சங்கத்தையும் நடத்துறேன்."

கைதட்டினார்கள்.

"அதே சமயம் நாம கல்நெஞ்சக்காரங்க இல்ல. இந்தம்மா உடம்பு முடியாதவங்க. பாலம் ஏறி, படி ஏறி, கையெழுத்துப் போடணும்னு எதுக்குக் கஷ்டப்படணும்? இனிமே அம்மா வீட்டுலயே இருக்கட்டும். அவங்க பேர்ல சங்கமே ஒரு பதிலாளைப் போடும். அவர் போவார், தேடுவார், கட்டத்துக்குள்ள அழகா கையெழுத்துப் போடுவார். கண்டுபிடிச்ச கணக்கு அம்மா பேர்ல ஏறும். காகிதத்துக்கும் சேதமில்ல, அம்மாவுக்கும் சிரமமில்ல."

இந்த முறை எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு நடக்கத்தான் சார் இது வேணும்" என்று என் மனைவி சொன்னது கைதட்டலில் மேடைவரை போகவில்லை. அடுத்த வரிசை வரைக்கும் போயிருக்கும். அவர்கள் இவளைத் திரும்பிப் பார்த்து, எவ்வளவு அடக்கம் என்று பேசிக்கொண்டார்கள்.

அவள் பெயர் தடைப்பட்டியலில் ஏறிவிட்டது. ஏதாவது டப்பாவைத் தொட்டால் அந்த டப்பாவையே வரைபடத்திலிருந்து எடுத்துவிடுவோம் என்று பல் டாக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். தன்னால் இன்னொருத்தர் ஒளித்துவைத்தது போகக் கூடாது என்று அவள் விட்டுவிட்டாள். ஜன்னலோர நாற்காலிக்கே திரும்பினாள்.

ஆனால் சங்கத்தின் கணக்குப்படி அவளைப்போல நடந்தவர் ஊரில் யாரும் இல்லை. காலையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பாள், செல்போன் சிணுங்கும்: 'வாழ்த்துகள், நீங்கள் மலைக் கோபுரத்து டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.' தூங்கி எழுவாள்: 'வாழ்த்துகள், கலங்கரை விளக்கத்து டப்பாவையும் கண்டுபிடித்துவிட்டீர்கள்.' பதிலாள் சுறுசுறுப்பான பையன், மோட்டார் சைக்கிள் வைத்திருந்தான்.

"நேத்து எங்கங்க போனேன்?" என்று என்னைக் கேட்பாள். முதலில் சிரித்துக்கொண்டே கேட்டாள். அப்புறம் சிரிக்காமல் கேட்டாள். அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டாள்.

பிசியோதெரபிப் பெண் வந்து அவள் விரல்களைப் பிரித்துப் பார்த்து, "மடங்க ஆரம்பிச்சிடுச்சு" என்றாள். "நடக்கிறாங்களா?"

நான் செல்போனைக் காட்டினேன். அவள் அதைப் பார்த்து, "பரவாயில்லையே, மலையெல்லாம் ஏறியிருக்காங்களே" என்றாள். அவளுக்குப் புரியவைக்க நான் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் தம்பி வேலை பார்க்கிற செல்போன் கடைக்குப் போனேன். ஒரு வாடிக்கையாளரின் போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான்.

"மச்சான், உங்கக்கா விரல் மடங்குது" என்றேன்.

கண்ணாடிக்குள் காற்றுக்குமிழி விழுந்துவிட்டது. திரும்ப உரித்தான். "நான் தீர்மானத்துக்கு எதிராத்தான் மாமா பேசணும்னு இருந்தேன். துணைச் செயலாளருக்குப் பேச நேரம் ஒதுக்கல."

"வீட்டுக்கு வந்து பேசலாமே. அங்க யாரும் நேரம் ஒதுக்க வேண்டியதில்ல."

அவன் கண்ணாடியைத் திரும்ப ஒட்ட ஆரம்பித்தான். வாடிக்கையாளர் தன் போனையே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆண்டுவிழா வந்தது. அழைப்பிதழில் முதல் விருது, ஊரின் தலைசிறந்த தேடுநர். என் மனைவி பெயர். மேடையில் அவர் சார்பில் பதிலாள் பெற்றுக்கொள்வார் என்று கீழே போட்டிருந்தார்கள்.

"போகலாங்க" என்றாள்.

"எதுக்கு?"

"நான் எங்கெங்க போனேன்னு தெரிஞ்சிக்கத்தான்."

மண்டபத்தில் முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள். பதிலாள் பையன் என் மனைவிக்கு வணக்கம் சொல்லி, "உங்களால எனக்கு ஊரெல்லாம் பழக்கமாயிடுச்சு ஆன்ட்டி" என்றான். பாவம், நல்ல பையன். அவன் மேடையேறிக் கேடயம் வாங்கி, அவள் சார்பில் நன்றி சொல்லி, அவள் சார்பில் கொஞ்சம் தழுதழுக்கவும் செய்தான்.

அடுத்தது, ஊரிலேயே சிறந்த சுருளுக்கான விருது. வெல்வெட் துணிமேல் ஒரு சின்ன டப்பாவை வைத்தார்கள். தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"இந்த டப்பாவை வெச்ச நாள்லேருந்து இதுவரைக்கும் ஒருத்தரும் கண்டுபிடிக்கல. ஒரு விரல் படல, ஒரு மூச்சுப் படல. ஆய்வாளர்கூடத் தூரத்துலேருந்துதான் பார்த்தார். இதை ஒளிச்சு வெச்சது யாருன்னு கேட்டா, சொல்றதுக்குக் கூச்சமா இருக்கு. நான்தான்."

"எங்க சார் வெச்சிருந்தீங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"எங்க வீட்டு பீரோ லாக்கர்ல."

மண்டபம் வியந்தது. பல் டாக்டர் இடுக்கியால் சுருளைப் பிரித்து மேஜைமேல் விரித்து, ஓரங்களில் எடைக்கல் வைத்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. கட்டம்கூட அதில் போடவில்லை. கட்டம் போட்டால் பென்சில் படும்.

"ஒரு சுருள்னா இப்படித்தான் இருக்கணும்" என்றார் தலைவர். "நம்ம ஆட்கள் எல்லாரும் தேடறதை விட்டுட்டா, ஊர்ல இருக்கிற எல்லாச் சுருளும் இப்படி ஆயிடும்."

என் மனைவி எழுந்தாள். நான் கையைக் கொடுத்தேன், வேண்டாம் என்று தலையாட்டினாள். மேடைக்கு மரப்படிகள். கைப்பிடி இல்லை. இடது காலை வைத்தாள், வலது காலை இழுத்துச் சேர்த்தாள். நின்றாள். அடுத்த படி. கேடயத்துக்கு நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்துத் தலைவர் கைதட்ட ஆரம்பித்தார். அவள் ஏறி முடிப்பதற்குள் கைதட்டி ஓய்ந்து, தண்ணீர் குடித்து, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் மேஜைக்கு வந்தாள். சான்றிதழில் கையெழுத்துப் போடத் தலைவர் வைத்திருந்த மைப்பேனாவை எடுத்தாள். விரல்கள் பேனாவைச் சுற்ற மறுத்தன. இடது கையால் ஒவ்வொரு விரலாக மடக்கி வைத்தாள்.

"அம்மா, அது விருது வாங்கின சுருள்" என்றார் பல் டாக்டர்.

"அதான் டாக்டர், கண்டுபிடிச்சிட்டேன்."

"மை. அது மை" என்றார் அவர். குரல் உடைந்துவிட்டது. என் மனைவிக்குப் பக்கவாதம் என்று கேட்டபோதுகூட அந்தக் குரல் அப்படி ஆகவில்லை.

ஓர் எடைக்கல் உருண்டு விழுந்தது. சுருள் ஒரு பக்கம் சுருண்டுகொண்டது. நான் படிக்கட்டில் பாதியில் இருந்தேன். அதற்குள் மேடையின் ஓரத்தில் நின்ற தம்பி வந்து இரண்டு கையாலும் சுருளை விரித்துப் பிடித்தான். இடுக்கி இல்லை, கையுறை இல்லை. வேர்த்த கை.

"துணைச் செயலாளர் கையை எடுங்க" என்றார் தலைவர்.

"போடுக்கா" என்றான் அவன்.

போட்டாள். முன்பைவிடக் கை மோசமாகியிருந்தது. பேனா பாதியில் நின்றது, நகர்ந்தது, நின்றது. மூச்சு வாங்கியது. அந்த மூச்செல்லாம் சுருளின் மேலேயே பட்டது. ஊரின் தலைசிறந்த தேடுநர் ஒரே ஓர் எழுத்தைப் போட்டு முடிக்கும்வரை மண்டபம் மொத்தமும் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. எழுத்து சுருளின் இந்த ஓரத்தில் ஆரம்பித்து அந்த ஓரத்தில் முடிந்தது.

பேனாவை மூடி வைத்தாள். பதிலாள் பையனைப் பார்த்து, "இனிமே என் பேர்ல நீ எங்கயும் போகாதப்பா. உன் பேர்ல போ" என்றாள். அவன் தலையாட்டினான்.

நாங்கள் இறங்கி வந்தபோது மேடையில் பல் டாக்டர் பூதக்கண்ணாடி கேட்டுக்கொண்டிருந்தார். தலைவர் அந்தத் தாளைத் தொடலாமா கூடாதா என்று குனிந்து நின்றிருந்தார்.

வெளியே வந்ததும் தம்பி செல்போனை எடுத்தான். "வண்டி கூப்பிடட்டுமாக்கா?"

"எதுக்கு? இங்க பக்கத்துல ஏதாவது டப்பா இருக்கா, அதைச் சொல்லு."

"மண்டபத்துப் பின்கேட்டுல ஒண்ணு இருக்கு. ஆனா அது ஆய்வுல இருக்கு, யாரும் தொடக் கூடாது."

"யாரு ஆய்வு பண்றது?"

அவன் கொஞ்சம் நெளிந்தான். "நான்தான்."

"அப்ப வா" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள்.